ஆறாம் அறைக்கு ஒதுக்கிய இடம்

நண்பகல் இருட்டில் முதியோர் இல்லத்தின் வாசலில் ஹெர்டிஸ் காரை நிறுத்தினாள். டிசம்பர் மாதம் வடதுருவத்தை ஒட்டிய அந்தக் கடற்கரையில் சூரியன் தலைகாட்டாது. மதியத்தில் மலைக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் கசியும். அதைப் பகல் என்று நம்பிக்கொண்டு மனிதர்கள் சாப்பிட உட்காருவார்கள். இல்லத்தின் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திர விளக்கு தொங்கியது. ஒரு ஜன்னல் மட்டும் விளக்கில்லாமல் கிடந்தது. பல்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பையை எடுத்தாள்.

வந்த காரியம் இரண்டு. ஏழாம் அறையில் அப்பா இருந்தார். இலையுதிர் காலத்தில் பக்கவாதம் அடித்து, கை பாதி தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. இன்னொரு காரியம் அழைப்புப் பலகை. யாராவது கட்டில் பக்கத்துக் கயிற்றை இழுத்தால், நடைபாதைப் பலகையில் அறை எண்ணும் பெயரும் சிவப்பு எழுத்தில் வரும், மணி அடிக்கும். அந்தப் பலகைக்குள் ஓடும் பழைய கணினி நிரல் கொஞ்ச நாளாகக் கிறுக்குப் பிடித்து ஆடியது. ட்ரும்ஸோ நகரத்தில் ஹெர்டிஸும் அவள் கூட்டாளி யூஸ்தைனும் நடத்தும் சின்ன நிறுவனத்துக்குத்தான் அதன் பராமரிப்பு. எப்படியும் அப்பாவைப் பார்க்கப் போகிறோம், கையோடு அதையும் முடித்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா," என்றாள் தாதி குன்வோர், கதவைத் திறந்த கையோடு. "போன தடவை நீ கொண்டுவந்த பனியை நான்தான் துடைச்சேன்."

"துடைச்சதுக்குத்தான் கேக் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"கேக்கோட வந்தவளை யாரு வெளிய நிக்கச் சொன்னா? உள்ள வாம்மா."

குன்வோர் முப்பது வருஷமாக அங்கே இருப்பவள். வாய் ஓயாதவள். பலகையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அந்த வாய் கொஞ்சம் சுருங்கியது.

"உங்கப்பா கயிறை இழுக்கறதே இல்லை. ஆனா ஏழுன்னு அடிக்குது. பேரு வேற யாருதோ வருது."

"யாரு பேரு?"

"வரும்போது நீயே பாத்துக்க."

அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். தூர்லைஃப் ப்ராட்லி என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. நாற்பது குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். அந்த மனுஷன் இப்போது மகளைப் பார்த்துக் கையை அழுத்தினார். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், திட்டினாலும் பரவாயில்லை என்று மூன்று மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடாதவள், இதற்காக மட்டும் யாரையோ வேண்டிக்கொண்டாள்.

வெளியே மணி அடித்தது.

அப்பாவின் கை அவள் கைக்குள் இருந்தது. கயிறு சுவரோரம் அசையாமல் தொங்கியது.

எட்டிப் பார்த்தாள். பலகையில் சிவப்பாக இருந்தது: அறை 7, குவால்வோக்.

நடைபாதையில் நின்ற குன்வோர் கையிலிருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

ஊழியர் அறையில் காபியோடு உட்கார்ந்து நிரலைத் திறந்ததும் ஹெர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. சி என்கிற கணினி மொழியில் எழுதின எவனும் ஒரு தடவையாவது செய்திருக்கிற தப்பு.

ஒவ்வோர் அறைக்கும் நினைவகத்தில் இத்தனை எழுத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நடைபாதையில் இருப்பதைப் போலவே அங்கேயும் அறைகள் ஒன்றையொட்டி ஒன்று. ஆறை அடுத்து ஏழு. நடுவில் சுவர் கிடையாது. எண்ணையும் பெயரையும் சேர்த்து ஒரு வரியாக்க 'எஸ்பிரிண்ட்எஃப்' என்கிற பழைய கட்டளையைப் போட்டிருந்தார்கள். அது எழுதச் சொன்னால் எழுதும். இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்காது. படி நிறைந்ததைப் பார்க்காமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே போகிறவனைப் போல, மிச்சத்தைப் பக்கத்து இடத்தில் கொட்டிவிடும். அங்கே ஏற்கெனவே என்ன இருந்ததோ அது அழிந்துபோகும். ஆறாம் அறையில் ஏதோ நீளமான பெயர். அதன் வால் ஏழில் போய் விழுந்து, அப்பாவின் பெயரை அழித்துவிட்டு நிற்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தொலைபேசியில் யூஸ்தைனைப் பிடித்தாள்.

"எந்தப் புண்ணியவான் எழுதினான்?" என்றான்.

"நாம பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப யாரோ எழுதினது. எஸ்என்பிரிண்ட்எஃப்னு மாத்திட்டேன். இடம் எவ்வளவுன்னு சொல்லியாச்சு. இனி தாண்டாது."

"திருப்பித் தர்ற எண்ணைப் பாத்தியா? அதைப் பாக்காம, வெட்டிட்டோம், வேலை முடிஞ்சுதுன்னு பல பேர் போயிடுவாங்க."

"எனக்கே பாடமா?"

"கேட்டு வைக்கிறேன். உங்கூர்ல இருட்டு ஜாஸ்தி, தூங்கிட்டே எழுதியிருப்ப."

அந்த எண்தான் புதுக் கட்டளையின் சாமர்த்தியம். இடத்துக்குள் அடங்குவதை மட்டும் எழுதிவிட்டு, முழுதும் எழுதியிருந்தால் எத்தனை எழுத்து ஆகியிருக்கும் என்று திருப்பிச் சொல்லும். அது இடத்தைவிடப் பெரிதாக இருந்தால் வரி வெட்டுப்பட்டது என்று அர்த்தம். ஹெர்டிஸ் அந்தச் சோதனையைப் போட்டாள். வெட்டுப்படும்போதெல்லாம் குறித்துவைக்கும்படியும் செய்தாள். நீளமான பெயர்களைக் கொடுத்துச் சோதித்தாள். எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன.

"ஆறுல யாரு இருக்கா?" என்று குன்வோரைக் கேட்டாள்.

"யாருமில்லை. சக்கர நாற்காலி எல்லாம் போட்டு வெச்சிருக்கோம்."

"பழைய பதிவு ஒட்டிக்கிட்டு இருக்கும்போல. விடு, இனி வராது."

பலகையில் ஏழுக்கு நேராக அப்பாவின் பெயர் சரியாக வந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு ஹெர்டிஸ் அவர் அறைக்குப் போனாள்.

அப்பா வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

உதடு குவிந்தது, விலகியது. தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது.

"குவால்வோக்."

ஹெர்டிஸ் தரையில் மண்டியிட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். எந்த வார்த்தை என்றெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. குரல் வந்துவிட்டது. இழந்த குரல்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா. எதையாவது சொல்லு."

"யாராவது வாங்க," என்றார் அப்பா.

மெதுவாக, அவர் ஒருநாளும் பேசாத மெல்லிய குரலில். வாசலில் மாத்திரைத் தட்டோடு வந்த குன்வோர் அப்படியே நின்றாள். தட்டைக் குனிந்து தரையில் வைத்தாள். வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

*

சமையலறையில் பிடித்து உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் குன்வோர் வாயைத் திறந்தாள்.

"பொர்கில்ட் ஆந்த்ரேயா ஸ்தூர்னெஸ் குவால்வோக். ஆறுல இருந்தா. இந்தப் பலகை புதுசா மாட்டின வருஷம். வந்த அன்னிக்கே நெஞ்சு வலி வந்து கயிறை இழுத்திருக்கா. பலகைல ஏழுன்னு வந்துது. ஏழுக்கு ஓடினோம். அங்க ஒரு கிழவர் நிம்மதியா குறட்டை விட்டுட்டிருந்தார். மறுபடி அடிச்சுது, மறுபடி ஏழு. மறுபடி ஓடினோம். அப்புறம் பலகை கெட்டுப்போச்சுன்னு மணியை அமுக்கி நிறுத்திட்டோம்."

ஹெர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அதே தப்பு. அதே நிரல்.

"நான்தான் அமுக்கினேன்," என்றாள் குன்வோர். "காலையில போய்ப் பாக்கறப்ப கயிறைக் கையில சுத்திட்டுக் கிடந்தா. அதுக்கப்புறம் ஆறுல யாரையும் வைக்கறதில்லை. கயிறைக்கூட அறுத்தாச்சு."

"ஏழுல இருந்தவங்க?"

"தங்கமாட்டாங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் செத்துப்போனாங்க. வயசானவங்கதானேன்னு இருந்துட்டோம்." மேசையைக் கையால் துடைத்தாள். "அந்தக் குரல் எனக்குத் தெரியும், ஹெர்டிஸ். உங்கப்பா குரல் இல்லை அது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அதிலும் இந்த ஊரில் ரெண்டு மாதம் இருட்டு என்று ஹெர்டிஸ் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே போய் வெட்டுகளின் குறிப்பைத் திறந்தாள்.

அறை ஆறு, வரி வெட்டப்பட்டது. அறை ஆறு, வரி வெட்டப்பட்டது. பக்கம் முழுக்க அதுதான். ஒவ்வொரு தடவையும் அந்த எண் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆறாம் அறைக் கதவு தள்ளியதும் திறந்தது. ஈரக் கம்பளி வாசனை. அதற்கடியில் கற்பூரத் தைல வாசனை. மடித்த சக்கர நாற்காலிகள், மெத்தையில்லாத ஒரு கட்டில். அறுத்த கம்பி முனைகளில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அது எதோடும் இணைந்திருக்கவில்லை. இழுக்கக் கயிறு இல்லை. ஆனாலும் யாரோ இழுக்கிறார்கள். கட்டிலில் தூசி படிந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் படியவில்லை.

அவள் ஊழியர் அறைக்குத் திரும்பி யூஸ்தைனை அழைத்தாள்.

"வெட்டின மிச்சம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அது எழுதப்படவே இல்லையே."

"எழுதப்படாதது எங்கயாவது போயிடுமா?"

"என்ன கேள்வி இது? குடிச்சிருக்கியா?" அவன் சிரித்தான். "பயமா இருந்தா இடத்தைப் பெருசாக்கு. முழு வரியும் அடங்கும், என்னன்னு படிச்சுப் பாரு."

அவர்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான் அது. பத்தவில்லையா, பெரிதாக்கு. அவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

முதலில் அவள் ஒன்று செய்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டாள். "மூச்சு முட்டுது," என்றார். "ஏழுக்குப் போகாதீங்க." அவர் சொன்ன எழுத்துகளை விரல்விட்டு எண்ணினாள். குறிப்பில் வெட்டுப்பட்டதாக இருந்த அளவு அதுவேதான். ஓர் எழுத்துக்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

பலகையில் இடமில்லாதது அப்பாவின் வாயில் இடம் பிடித்திருந்தது.

ஊழியர் அறைக்குப் போய் ஆறின் இடத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கும் முன் விரல் தயங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். இதைச் செய்தால் அப்பா மறுபடி ஊமையாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனார். பலகையில் முழு வரியும் ஓடியது. *பொர்கில்ட் ஆந்த்ரேயா ஸ்தூர்னெஸ் குவால்வோக் யாராவது வாங்க மூச்சு முட்டுது ஏழுக்குப் போகாதீங்க நான் இங்க இருக்கேன் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கேன்.*

"அதை வெட்டியே விட்டுடு," என்றாள் குன்வோர் பின்னாலிருந்து. "படிக்காத. படிக்கப் படிக்க அது பேசும்."

ஒரு நாள் முழுக்க அமைதி. மறுநாள் வரி பெரிய இடத்தையும் தாண்டியது.

ஹெர்டிஸ் ஏழாம் அறைக்குள் ஓடியபோது அப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் இல்லாத ஒரு பின்னலை இரண்டு கையாலும் தடவி முன்னால் எடுத்துப் போட்டார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"அப்பா, நான் ஹெர்டிஸ்."

"நல்ல பேரு. உன்னையாவது அனுப்பினாங்களே."

மேலே எழுதப்பட்டுவிட்டால் கீழே இருந்தது போனதுதான். அவள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எழுத்தெழுத்தாக அப்பாவின் மேல் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறார் என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

அன்று மதியமே நிரலைத் திறந்து ஆறாம் அறையை அடியோடு நீக்கினாள். இடம், எண், பெயர், ஒன்றையும் விடவில்லை. ஐந்துக்குப் பிறகு ஏழு.

பலகை அணைந்தது.

*

அப்பா பேசினார். நல்ல முழு வாக்கியமாக, தடங்கலில்லாமல் பேசினார். காபி கேட்டார். ஹெர்டிஸ் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய லெஃப்ஸா ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்தாள். பனியைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் நடைபாதையில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம்போல இருந்தது. அப்பா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காபியை உறிஞ்சினார். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று யோசித்தாள். ஆஸ்பத்திரியில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

ஆறாம் அறைப் பக்கத்துச் சுவர்.

காதை வைத்தாள். சுவர் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. உள்ளே, வெகு தூரத்தில், ஓர் ஆண் குரல். வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல்.

"ஹெர்டிஸ். இருட்டா இருக்கு. ஹெர்டிஸ்."

அவள் திரும்பினாள். நாற்காலியில் இருந்தது கோப்பையை வைத்துவிட்டு, பரிவோடு அவள் கையைத் தட்டிக் கொடுத்தது.

"விடும்மா," என்றது அப்பாவின் வாய். "நானும் அப்படித்தான் கூப்பிட்டுட்டே இருந்தேன். கொஞ்ச நாள்ல பழகிடும்."

ஹெர்டிஸ் ஓடிப் போய் ஆறின் கதவைத் திறந்தாள். சக்கர நாற்காலிகள். வெறும் கட்டில். குரல் எந்த மூலையிலும் இல்லை, எல்லா மூலையிலும் இருந்தது. அவர் கூப்பிடுகிறார், கூப்பிட்டால் பலகையில் ஒளிர ஒரு வரியையும் அவள் விட்டுவைக்கவில்லை. மகள் கையாலேயே அழித்தாயிற்று.

ஊழியர் அறைக்குப் போய் ஆறாம் அறையைத் திரும்பச் சேர்த்தாள். பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டாள். கை எடுப்பதற்குள் மணி அடித்தது.

அறை 6, தூர்லைஃப் ப்ராட்லி.

*

அந்தக் குளிர்காலம் அவள் ட்ரும்ஸோவுக்குத் திரும்பவில்லை. அப்பாவின் பழைய வீட்டில் தங்கிக்கொண்டு, அங்கிருந்தே வேலை பார்த்தாள். ஆறு ஒளிரும்போதெல்லாம் இல்லத்திலிருந்து குன்வோர் ஒரு செய்தி அனுப்புவாள், ஹெர்டிஸ் போவாள். வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன்பா," என்பாள். தட்டுவது நிற்கும். எழுந்து கதவைத் தாண்டினால் மறுபடி அடிக்கும். எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. தொட ஒரு கை இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஏழில் இருந்த உடம்பு பிப்ரவரியில் தூக்கத்திலேயே போனது. கடைசி வரை கூப்பிட்டவுடன் ஆள் வந்ததில் அதற்குப் பரம திருப்தி. தேவாலயத்தில் பாதிரியார் தூர்லைஃப் ப்ராட்லி என்று சொல்லி மண் போட்டார். ஊரே அழுதது. ஹெர்டிஸுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். யாரை அடக்கம் பண்ணுகிறோம் என்று அவளுக்கும் குன்வோருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

மார்ச்சில் சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டது. பனிமேல் பட்டுக் கண்ணைக் கூசும் வெயில். குன்வோர் அவளை வாசலில் நிறுத்தினாள்.

"எங்கண்ணன் சிக்வார்ட் மறுபடி விழுந்துட்டான். இனி தனியா விட முடியாது. காலியா இருக்கறது ஏழு ஒண்ணுதான்." முந்தானையில்லாத அந்த ஊரில் அவள் கம்பளிச் சட்டையின் நுனியை முறுக்கினாள். "அந்த ரூம் இப்ப சரியாத்தானே இருக்கு? நீ சரி பண்ணிட்டேல்ல?"

ஹெர்டிஸ் சொல்லியிருக்கலாம். வேண்டாம், வேறு ஊரில் பார் என்று ஒரு வார்த்தை போதும்.

"சரி பண்ணிட்டேன்," என்றாள்.

சிக்வார்ட் வாயாடி. தங்கைக்கு அண்ணன் தப்பாமல் பிறந்திருந்தார். முதல் நாளே ஹெர்டிஸைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா கம்ப்யூட்டர்காரி, எல்லாக் கோளாறையும் சரி பண்றியாமே. என் முட்டியையும் கொஞ்சம் பாரேன். திறந்து மூடினா சரியாயிடுமா?" அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும்தான் செய்தாள்.

ஊழியர் அறையில் வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. நிரலைத் திறந்தாள். வெட்டும் சோதனை அதன் இடத்தில் இருந்தது, அதைத் தொடவில்லை. ஆறாம் அறைக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் மாற்றினாள். இந்தத் தடவை பெரிதாக்கவில்லை.

சுருக்கினாள்.

ஒரு பெயர்கூட முழுதாக அடங்காத அளவுக்குச் சுருக்கினாள். குறிப்பில் வரிசையாக விழ ஆரம்பித்தது: அறை ஆறு, வரி வெட்டப்பட்டது. அறை ஆறு, வரி வெட்டப்பட்டது.

சில நாளிலேயே சிக்வார்ட் பேச்சின் நடுவில் தடுமாறத் தொடங்கினார். சொல்லிக்கொண்டிருந்த நகைச்சுவையின் முடிவு மறந்துபோயிற்று. ஒரு காலை தங்கையைக் கூப்பிட வாயைத் திறந்து, பெயர் கிடைக்காமல் மூடிக்கொண்டார். "வயசாச்சு," என்று குன்வோர் நடைபாதையில் நின்று கண்ணைத் துடைத்தாள். ஹெர்டிஸ் அவள் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னாள். அன்றுகூட இடத்தைத் திரும்பப் பெரிதாக்கியிருக்கலாம். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பின்னொரு பிற்பகல், ஏழாம் அறையில் சிக்வார்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. சிக்வார்ட் எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இரவல் வாங்கிய கையுறையைப் பார்ப்பதுபோல.

பிறகு அவளைப் பார்த்தார்.

"ஹெர்டிஸ்," என்றார். கத்திப் பழகிய குரல். "எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன். எங்கடி போன?"

அவள் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. மாதக்கணக்காக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"இங்கதான்பா இருக்கேன். இனி எங்கயும் போகமாட்டேன்."

நடைபாதையில் மணி அடித்தது.

குன்வோரின் காலடிச் சத்தம் வந்து, பலகைக்குக் கீழே நின்றது. பிறகு அவள் குரல் கேட்டது, மிகவும் மெதுவாக.

"ஹெர்டிஸ், ஆறுல எங்கண்ணன் பேரு வருது. கொஞ்சம் வந்து பாரேன்."

ஹெர்டிஸ் அப்பாவின் கையை விடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள்.